திரும்பி வர்ற காசு, வராத காசு: சிங்கப்பூர்ல வீடு பிடிக்கப் போறவங்களுக்கு

காரைக்குடி பக்கத்துலேர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "மாசம் எவ்வளவு செலவாகும்?" கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது ரெண்டாவது கேள்வி. இறங்கின மொத ரெண்டு மாசத்துல ஒரேயடியா எவ்வளவு காசு கையை விட்டுப் போகும், அதுல எவ்வளவு என்னைக்காவது திரும்பி வரும், எவ்வளவு வரவே வராது, இதுதான் முதல் கேள்வி. மாசச் செலவு எப்படியோ சம்பளத்துக்குள்ள அடங்கிரும், இந்த மொத ரெண்டு மாசம்தான் ஆளைக் கவுத்துவிடுற இடம், ஏன்னா முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே பாதி காசு போயிருக்கும்.

நான் கணக்கு வேலை பாக்குறவ, எனக்கு எல்லாமே பற்று வரவா எழுதினாதான் புரியும். வேலை சிங்கப்பூர்ல, வீட்டுக்காரரும் பொண்ணும் இப்போதைக்கு காரைக்குடியில, அவங்களும் வர்ற மாதிரி ஏற்பாடு. அதனால நான் சொல்றது குடும்பமா போற ஆளுக்குப் பொருந்தும், தனியா போற பேச்சிலருக்கு இதுல பாதி தேவையே இல்ல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு பட்ஜெட்ங்கிறது யாரும் புதுசா சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் கிடையாது. நகரத்தார் வீடுகள்ல கல்யாணம் ஆனதும் பையனை வேறு வைப்பாங்கல்ல, ஒரே வீடு, ஒரே வளவு, ஆனா அடுப்பு தனி, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி இவ்வளவு பருப்பு இவ்வளவு பணம்னு கணக்குப் பண்ணி கொடுத்துருவாங்க, அதுக்குள்ள குடும்பம் நடத்திக்கணும், பத்தலைன்னு மாமியா அடுப்படியில போய் நிக்க முடியாது. அதே மாதிரிதான் அந்தக் காலத்துல பர்மா, மலேயான்னு வட்டிக்கடைக்கு ஏஜெண்டா போனவங்களுக்கும், 3 வருஷத்துக்கு கணக்குன்னு பேசி, குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துட்டு கப்பல் ஏறினாங்க. அதாவது போறதுக்கு முன்னாடியே இங்க இருக்கறவங்க சாப்பாடு முடிவாகியிருக்கும். இப்ப நாம ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்துல அதைத்தான் மறந்துடுறோம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

சிங்கப்பூர்ல முக்காவாசிப் பேர் இருக்கறது எச்டிபி வீடுகள்ல, அரசாங்கம் கட்டின அடுக்குமாடி. அதுல 4 ரூம்னு சொன்னா 3 படுக்கையறை, ஹாலையும் ஒரு ரூமா சேத்து எண்ணுவாங்க. 3 ரூம்னா 2 படுக்கையறை. முழு வீட்டு வாடகை ஏரியாவுக்கு ஏரியா மாறும், எச்டிபியே ஒவ்வொரு காலாண்டுக்கும் ஊர்வாரியா நடு வாடகை என்னன்னு வெளியிடுது, அதைப் பாத்துட்டுப் பேசுங்க, ஏஜெண்ட் சொல்றதை மட்டும் நம்பி இல்ல. இப்போ ஒரு உதாரணத்துக்கு மாசம் 3,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், 2 வருஷ ஒப்பந்தம்னு வச்சுக்குவோம். வெள்ளிக்கு 70 ரூபான்னு போட்டுக்கங்க, கணக்கு சுலபமா வரும்.

2 வருஷ ஒப்பந்தத்துக்கு வழக்கமா 2 மாச டெபாசிட், 1 வருஷம்னா 1 மாசம். ஆக டெபாசிட் 6,000 வெள்ளி. முதல் மாச வாடகை முன்கூட்டியே, 3,000. அப்புறம் ஸ்டாம்ப் டூட்டி, 4 வருஷத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம்னா மொத்த வாடகையில 0.4 சதவீதம், 24 மாசத்துக்கு 72,000 வெள்ளி, அதுல 288 வெள்ளி, இதை வாடகைக்கு வர்றவங்கதான் வழக்கமா கட்டணும், சிங்கப்பூர்ல கையெழுத்துப் போட்டா 14 நாளுக்குள்ள. மூணையும் சேத்தா 9,288 வெள்ளி, நம்ம காசுக்கு ஆறரை லட்சம். ஏஜெண்ட் கமிஷன் இதுல சேரல. அது இவ்வளவுதான்னு சட்டம் எதுவும் சொல்லல, பேசி முடிக்கறதுதான், அரை மாச வாடகையும் கேப்பாங்க, முழு மாசமும் கேப்பாங்க. கரண்ட், தண்ணிக்கு எஸ்பி குரூப்ல கணக்குத் திறக்க ஒரு டெபாசிட். பாய், தலகாணி, பாத்திரம், விளக்குமாறு வரைக்கும் வாங்கினா அது தனி.

இந்த ஆறரை லட்சத்தை ஒரே வரியில "வீட்டுச் செலவு"ன்னு எழுதாதீங்க. நான் ரெண்டு பக்கமா பிரிச்சுதான் எழுதுவேன். 6,000 வெள்ளி, அதாவது 4 லட்சத்து 20 ஆயிரம், அது செலவே இல்ல, வீட்டு ஓனர்கிட்ட வட்டியில்லாம கிடக்கிற நம்ம பணம். எங்க ஐயா இருந்திருந்தா வட்டியில்லாக் கடனான்னு வாய்விட்டுச் சிரிச்சிருப்பாங்க. மீதி ரெண்டு லட்சத்து சொச்சம் போனது போனதுதான். இப்படிப் பிரிச்சா என்ன லாபம்னா, அந்தத் திரும்பி வர்ற பணத்துக்கு நகையை வச்சோ பங்காளிகிட்ட கைமாத்தா வாங்கியோ சமாளிக்கலாம், ஏன்னா அது ஒரு நாள் வரும். வராத பணத்துக்குக் கடன் வாங்கிப் போறவங்க, முதல் வருஷம் முழுக்க அந்தக் கடனுக்குத்தான் வேலை பாப்பாங்க. கையில வராத காசு மொத்தமும், அதோட ரெண்டு மாச சாப்பாடு பஸ் ரயில் செலவும் சொந்தப் பணமா இல்லைன்னா, கம்பெனிகிட்ட கேளுங்க. இடம் மாறிப் போறதுக்கு அலவன்ஸ், முதல் 2 வாரமோ ஒரு மாசமோ தங்க இடம், இதெல்லாம் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டா கிடைக்கற வாய்ப்பு இருக்கு, போய்ச் சேந்தப்புறம் கேட்டா யாரும் தர மாட்டாங்க. சம்பளத்துல 200 வெள்ளி கூட்டிக் கேக்க வாய் வருது, இதைக் கேக்க கூச்சப்படறோம், ஏன்னு எனக்குப் புரியவே இல்ல.

தங்கற இடம்னு சொன்னதும் இன்னொண்ணு. இங்கேர்ந்தே போட்டோ பாத்து வீட்டை முடிக்காதீங்க. போய் இறங்கி, நேர்ல பாத்துத்தான். ஆனா அதுவரைக்கும் எங்க இருக்கறதுங்கறது அங்க கொஞ்சம் சிக்கல், ஏன்னா எச்டிபி வீட்டை 6 மாசத்துக்குக் குறைஞ்சு வாடகைக்கு விடக்கூடாது, தனியார் அடுக்குமாடி, அதான் காண்டோன்னாலும் 3 மாசம் குறைஞ்சபட்சம். அதனால "ரெண்டு வாரத்துக்கு என் ரூம்ல இருங்க, வாரத்துக்கு இவ்வளவு"ன்னு நெட்ல யாராவது சொன்னா அது சட்டப்படி தப்பு, மாட்டினா நமக்கும் தலைவலி. ஹோட்டல், ஹாஸ்டல், சர்வீஸ் அபார்ட்மெண்ட், இல்லைன்னா சொந்தக்காரங்க வீட்ல காசு கொடுக்காத விருந்தாளியா. நமக்குத்தான் அந்த ஊர்ல சொந்தத்துக்குக் குறைவே கிடையாதே.

சொந்தம்னு சொன்னதும் கிட்டங்கி ஞாபகம் வருது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல நம்ம நகரத்தார் தங்கி வட்டித்தொழில் பண்ணின கிட்டங்கிகள்ல, ஒரே நீள ஹால்ல ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சின்ன கணக்கு மேசை, பகல்ல அதுதான் ஆபீஸ், ராத்திரி அங்கயே பாயை விரிச்சுப் படுக்கை, சமையல் பொதுவுல. தங்கறதுக்கும் தொழிலுக்கும் தனித்தனி வாடகை கொடுக்கக்கூடாதுங்கறதுல அவங்க எவ்வளவு கெட்டியா இருந்திருக்காங்க பாருங்க. 1970-கள்ல அந்த இடத்தையெல்லாம் இடிச்சுட்டாங்க, இப்ப அங்க உயர உயரமா பேங்க் கட்டடம். தனியா போற பசங்க முதல் வருஷம் காமன் ரூம், அதாவது ஒரு வீட்ல பாத்ரூம் பொதுவா இருக்கற ஒரு ரூம் மட்டும், எடுத்து இருங்கன்னு நான் சொல்றது அந்தக் கணக்குலதான், முழு வீடு எடுத்து கவுரவம் காட்ட வேண்டிய வயசு அது இல்ல. வீட்ல ஆயா போன்ல "டேங்க் ரோடு கோயிலுக்குப் பக்கத்துலயே பாரு ஆத்தா, காலையில போயி முருகனைக் கும்பிட்டுட்டு வேலைக்குப் போலாம்"னாங்க. 1859-ல நம்ம ஆளுங்க கோயில் கட்டினப்போ அது எப்படி இருந்துச்சோ, இப்ப அது ஊர் நடு மத்தி, அங்க வாடகை கொடுக்கணும்னா முருகனே வந்து பாதி கட்டணும். எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம் இருக்கான்னு மட்டும் பாருங்க, கோயிலுக்கு ரயில்ல போய்க்கலாம்.

வீடு தேடும்போது கண்டிப்பா ஒரு ரெண்டு விஷயம் முகத்துல அடிக்கும். ஒண்ணு, இந்தியர்களுக்குத் தர மாட்டோம்னு சுத்தி வளைச்சோ நேராவோ சொல்றது. விளம்பரத்துல அப்படிப் போடக்கூடாதுன்னு ஏஜெண்டுகளுக்கு விதி இருக்கு, ஆனா போன்ல "வீட்டு ஓனர் வேற மாதிரி எதிர்பாக்கறாங்க"ன்னு இழுப்பாங்க. அதுல நேரத்தை வீணாக்காதீங்க, அடுத்ததுக்குப் போங்க, மனசு வலிக்கும்தான். ரெண்டு, "லைட் குக்கிங் மட்டும்". நம்ம வீட்ல வர மிளகாயும் சோம்பும் பட்டையும் எண்ணெயில விழுந்தா மூணாவது மாடி வரைக்கும் தும்மும், அது லைட்டா? ரூம் மட்டும் எடுக்கறவங்க இதை முதல் போன்லயே கேட்டுருங்க, என்ன சமைப்பீங்க, வாரத்துக்கு எத்தனை தடவைன்னு அவங்களும் வெளிப்படையா கேப்பாங்க. சமைக்க முடியாத ரூம் 100 வெள்ளி கம்மின்னு எடுத்தா, மூணு வேளையும் வெளிச்சாப்பாடு, ஹாக்கர் சென்டர்ல ஒரு வேளைக்கு 5, 6 வெள்ளின்னு வச்சாலும் அந்த 100 வெள்ளி ஒரே வாரத்துல கரைஞ்சிரும்.

எச்டிபியில வேற சில கட்டுப்பாடும் இருக்கு. ஓனர் முழு வீட்டையும் விடணும்னா எச்டிபிகிட்ட முன் அனுமதி வாங்கணும். மலேசியாக்காரங்க தவிர மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு கோட்டா உண்டு, அக்கம்பக்கத்துல 8 சதவீதம், ஒரு பிளாக்ல 11 சதவீதம், அது நிறைஞ்சிருந்தா ஓனரே ஆசைப்பட்டாலும் நமக்குத் தர முடியாது. நம்ம வேலை பாஸ்ல, அதாவது அங்க வேலை பாக்கற அனுமதியில, குறைஞ்சது 6 மாசம் மிச்சம் இருக்கணும். அதனால வீடு பிடிச்சுப்போச்சுன்னு பரபரன்னு பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி, "கோட்டா பாத்தாச்சா"ன்னு ஏஜெண்டைக் கேளுங்க.

ஏஜெண்ட் விஷயத்துல நான் கறாரா இருப்பேன். அங்க ஒவ்வொரு ஏஜெண்டும் சிஇஏங்கற, ஏஜெண்டுகளைக் கண்காணிக்கற அரசு அமைப்போட பதிவேட்டுல இருக்கணும், பேரும் போன் நம்பரும் போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும். எச்டிபி வாடகையில ஏஜெண்ட் நம்ம வாடகைப் பணத்தையோ டெபாசிட்டையோ கையால தொடவே கூடாது, அது விதி, பணம் நேரா ஓனருக்குத்தான் போகணும். அப்ப ஒருத்தர் வாட்ஸாப்ல அழகான போட்டோ அனுப்பி, ரொம்பப் பேர் கேக்கறாங்க, இப்பவே என் கணக்குக்கு ஒரு மாச டெபாசிட் போட்டா பிடிச்சு வைக்கறேன்னு சொன்னா அவர் யாருன்னு சொல்லவே வேண்டாம். ஒரே ஏஜெண்ட் ஓனருக்கும் நமக்கும் சேத்து வேலை பாத்து ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கறதும் கூடாது.

இப்ப ஒப்பந்தம். எல்லாரும் முதல் பக்கத்துல வாடகையைப் பாத்துட்டு கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடறாங்க. நான் நடுவுல இருக்கறதைத்தான் முதல்ல படிப்பேன், குறிப்பா எப்படி வெளியேறதுன்னு எழுதியிருக்கற இடம். வேலை பாஸ்ல இருக்கற நமக்கு, வேலை போனா ஊரும் போகும். 2 வருஷ ஒப்பந்தத்துல டிப்ளமேட்டிக் கிளாஸ்னு ஒண்ணு இருக்கணும், வழக்கமா 12 மாசம் முடிஞ்சப்புறம் 2 மாச நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம்னு இருக்கும், அதாவது நடைமுறையில குறைஞ்சது 14 மாசம். வேலை போச்சு, வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா மட்டும்தான் செல்லும், வாடகை குறைவா வேற வீடு கிடைச்சுதுன்னு இதைக் காட்ட முடியாது. இது இல்லைன்னா 6,000 வெள்ளி திரும்பி வர்ற பக்கத்துலேர்ந்து வராத பக்கத்துக்கு ஒரே ராத்திரியில மாறிரும், அதுக்கு மேலயும் கேக்க ஓனருக்கு வழி உண்டு. 1 வருஷ ஒப்பந்தத்துல இதை சாதாரணமா தர மாட்டாங்க, அதையும் மனசுல வச்சுக்கங்க. அதோட, பாதியில வெளியேறினா ஓனர் தன் ஏஜெண்டுக்குக் கொடுத்த கமிஷன்ல மிச்ச மாசத்துக்கான பங்கை நாம திருப்பித் தரணும்னு சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும்.

அப்புறம் ஏசி சர்வீஸ், 3 மாசத்துக்கு ஒரு தடவை நம்ம செலவுல, பில்லை பத்திரமா வைக்கணும், காலி பண்ணும்போது கேப்பாங்க. சின்ன ரிப்பேர்னு ஒரு வரம்பு போட்டிருப்பாங்க, 150 வெள்ளியோ 200 வெள்ளியோ, அது வரைக்கும் நம்ம தலையில. வரம்பைக் குறைக்கச் சொல்லி பேசலாம். முதல் 30 நாளுக்குள்ள என்ன பழுதுன்னு சொன்னாலும் ஓனர் சரி பண்ணித் தரணும்னு எழுதி வாங்கலாம், அந்த 30 நாள்ல குழாய், ஃப்ளஷ், அடுப்பு, ஜன்னல் கொக்கி எல்லாத்தையும் ஒரு தடவை ஆட்டிப் பாத்துருங்க. உள்ள போற அன்னைக்கே சுவத்துக் கீறல் முதக்கொண்டு போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பி வைங்க. டெபாசிட்ல தகராறு வந்தா ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்னு சின்னத் தொகை வழக்குக்குன்னே ஒரு மன்றம் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ஆனா 2 வருஷத்துக்கு மேல போகாத குடியிருப்பு ஒப்பந்தத்துக்குத்தான். யாராவது 3 வருஷத்துக்குப் போட்டா வாடகை கம்மின்னு ஆசை காட்டினா இதையும் யோசிங்க.

மாச பட்ஜெட்ல எல்லாரும் விடற ஒரே பெரிய ஓட்டை வருமான வரி. நம்ம ஊர்ல டிடிஎஸ் பிடிச்சு மிச்சம்தான் கைக்கு வரும். அங்க மாசா மாசம் வரி பிடிக்க மாட்டாங்க, பாஸ்ல இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம பிஎஃப் மாதிரி இருக்கற சிபிஎஃப்பும் கிடையாது, ஆக முழுச் சம்பளமும் கணக்குல வந்து விழும், ஆஹான்னு இருக்கும். அடுத்த வருஷம் மொத்தமா பில் வரும். வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளின்னா ரெசிடென்ட் ஆளுக்கு வரி 3,350 வெள்ளி, நம்ம ஊரோட பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா எடுத்து வைக்காதவனுக்கு அது ஒரு மாச வாடகைக்கு மேல. பேங்க் கணக்குலேர்ந்து தானா கழியற ஜைரோ போட்டா 12 தவணையா வட்டியில்லாம கட்டலாம். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரி கணக்கு முடியற வரைக்கும் கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும், இதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. அந்த மாசத்துக்குத்தான் டிக்கெட், சாமான் அனுப்பற செலவு எல்லாம் சேந்து வரும்.

குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறவங்க, அவங்களுக்கு எடுக்கற டிபெண்டன்ட் பாஸுக்கு நிலையான மாசச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்கணும். அந்தப் பாஸை வச்சு மட்டும் கணவனோ மனைவியோ வேலைக்குப் போக முடியாது, 2021 மே மாசத்துலேர்ந்து அவங்களுக்கும் தனி வேலை பாஸ் வேணும். ரெண்டு சம்பளம்னு நினைச்சு 3 படுக்கையறை வீடு எடுத்துட்டு முழிக்கற குடும்பங்களைப் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் இன்னும் காரைக்குடியிலயே இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பக்கம் வருவோம். ஊர்க் கணக்கை வெள்ளியில எழுதாதீங்க, தனி ஏடு, ரூபாயில. அப்பா அம்மா மருந்து, மெடிக்கல் இன்சூரன்ஸ், பெரிய வீட்டுல நம்ம பங்குக்கு ஓடு மாத்தறதுக்கும் காவக்காரருக்கும் கொடுக்கறது, கோயிலுக்குக் கட்டற புள்ளி வரி, கல்யாணம் காட்சிக்கு செய்ய வேண்டிய முறை, தைப்பூசத்துக்கு பழனி நடைபயணம் போறவங்களுக்கு அன்னதானப் பங்கு, இதெல்லாம் "அப்பப்ப பாத்துக்கலாம்"னு விட்டா வருஷக் கடைசியில ஒரு மாச வாடகை அளவுக்கு வந்து நிக்கும். திருச்சிலேர்ந்து நேரா ஃபிளைட் இருக்கறது நமக்கு வசதி, அதனாலயே ஒவ்வொரு விசேஷத்துக்கும் வரச் சொல்லுவாங்க, டிக்கெட்டுக்குன்னு ஒரு தொகையை முன்னாடியே ஒதுக்கிட்டா "அந்தக் காசு தீந்துபோச்சு அயித்தை"ன்னு சொல்லவாவது முடியும்.

பேங்க் விஷயம். இங்கேர்ந்து டெபாசிட் பணம் அனுப்பறதுன்னா, எல்ஆர்எஸ்ங்கற ரிசர்வ் பேங்க் திட்டத்துல ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் போகலாம், ஆறரை லட்சம் ரூபா அதுல ஒரு மூலைக்குக்கூட வராது. 2025 ஏப்ரல்லேர்ந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல போனாதான் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பேங்க் வசூலிக்கற வரி. நோட்டா கையில எடுத்துட்டுப் போறது ஒரு தடவைக்கு 3,000 டாலர் மதிப்பு வரைக்கும்தான், மிச்சத்தை கார்டுலயோ அனுப்பியோ பாத்துக்கணும். வேலைக்குன்னு கிளம்பிட்டா சாதா சேவிங்ஸ் கணக்கை வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓ கணக்கா மாத்தணும், நிறையப் பேர் வருஷக்கணக்குல அப்படியே விட்டு வைக்கறாங்க. சென்னையில ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கறவங்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி, ஓனர் என்ஆர்ஐ ஆயிட்டா வாடகைக்கு இருக்கறவர் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும். ரிட்டர்ன் போட்டு அதிகமாப் பிடிச்சதைத் திரும்ப வாங்கலாம், ஆனா மாசா மாசம் அந்த வாடகையை நம்பி அம்மாவுக்கு அனுப்பறதா கணக்குப் போட்டிருந்தா மூணுல ஒரு பங்கு குறைஞ்சுதான் வரும்.

சாமான் எடுத்துட்டுப் போறதுல ஒண்ணு ரெண்டு. கரண்ட் 230 வோல்ட்தான், நம்ம மிக்ஸி, சின்ன கிரைண்டர் எல்லாம் ஓடும், பிளக் மட்டும் மூணு பட்டைக்கால் வச்சது, அடாப்டர் வேணும். எவர்சில்வர் பாத்திரம் எடுத்துட்டுப் போங்க, அங்க விலை பாத்தா மனசு கேக்காது. உப்புக்கண்டம் வேண்டாம், இறைச்சி கொண்டு போறதுக்கு கட்டுப்பாடு இருக்கு. அதைவிட முக்கியம் கசகசா, சிங்கப்பூர்ல அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற சமாச்சாரம், அனுமதி இல்லாம கொண்டு போகக்கூடாது. அம்மா ஆசையா குருமாப் பொடி, கோழி மசாலான்னு திரிச்சுக் கொடுப்பாங்க, அதுல கசகசா விழுந்திருக்கான்னு மிஷினுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, போடாம தனியா திரிக்கச் சொல்லுங்க, குருமாவுக்குத் தேங்காயையும் முந்திரியையும் கூட அரைச்சு ஊத்திக்கலாம்.